ஹேவ்லாக், நீல் தீவுகளுக்கு எந்தப் படகில் போவது?

அந்தமானுக்குத் திட்டமிடுபவர்கள் விடுதியைத் தேர்ந்தெடுப்பதில் செலவிடும் நேரத்தில் கால்பங்கைக்கூடப் படகைத் தேர்ந்தெடுப்பதில் செலவிடுவதில்லை. பயண முகவர் எந்தப் படகில் இடம் பிடித்துக் கொடுக்கிறாரோ அதில் ஏறிவிடுவதே வழக்கமாக இருக்கிறது. ஆனால் போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக், அங்கிருந்து நீல், மீண்டும் போர்ட் பிளேர் என்று முக்கோணமாகச் சுற்றிவரும் அந்தப் பயணத்தில், எந்த ஊரில் எத்தனை இரவு தங்குவது, எந்த நாளில் விமானம் ஏறுவது, வயதானவர்களை உடன் அழைத்துச் செல்லலாமா என்பவற்றையெல்லாம் கடைசியில் தீர்மானிப்பது படகுதான். மாமியார், மனைவி, பள்ளி செல்லும் மகன் ஆகியோருடன் ஒரு டிசம்பரிலும், பின்னர் நண்பர்களுடன் ஒரு மார்ச் மாதத்திலும் இதே தடத்தில் சென்று வந்த பிறகு எனக்கு உறுதிப்பட்ட கருத்து இது: முதலில் காற்றைப் பார்க்க வேண்டும், அடுத்து உடன் வருபவர்களில் மிகவும் தளர்ந்தவரைப் பார்க்க வேண்டும், அதற்கடுத்து விமானச் சீட்டைப் பார்க்க வேண்டும், வேகமும் கட்டணமும் அதன் பிறகுதான்.

சீட்டுப் பதிவு செய்பவர்கள் குழம்பாமல் இருக்க ஒரு செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2018 டிசம்பரில் ஹேவ்லாக் தீவு ஸ்வராஜ் த்வீப் என்றும், நீல் தீவு ஷாஹீத் த்வீப் என்றும் பெயர் மாற்றப்பட்டன. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேரும் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. சீட்டிலும் பதிவுத் தளத்திலும் புதிய பெயர்கள் இருக்கலாம். பேச்சில் பழைய பெயர்களே புழங்குவதால் நானும் அவற்றையே எழுதுகிறேன்.

இந்தத் தடத்தில் செல்ல இரண்டு வகைப் படகுகள் உள்ளன. அந்தமான் நிர்வாகத்தின் கப்பல் சேவை இயக்ககம் நடத்தும் அரசுப் படகுகள் ஃபீனிக்ஸ் பே படகுத்துறையிலிருந்து புறப்படுகின்றன. மக்ரூஸ், நாட்டிகா, கிரீன் ஓஷன் போன்ற தனியார் படகுகள் ஹாடோ துறையிலிருந்து புறப்படுகின்றன. இரண்டு துறைகளும் ஒரே ஊரில் இருந்தாலும் அடுத்தடுத்து இல்லை. ஆட்டோ ஓட்டுநரிடம் வெறுமனே 'ஹேவ்லாக் படகு' என்று சொல்லி ஏறினால், அதிகாலையில் தவறான துறையில் போய் நிற்க வேண்டிவரும். போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக் செல்லத் தனியார் விரைவுப் படகு சுமார் ஒன்றரை மணி நேரமும், அரசுப் படகு சுமார் இரண்டரை மணி நேரமும் எடுத்துக்கொள்கின்றன. அரசுப் படகில் சில நூறு ரூபாயில் முடியும் பயணத்துக்குத் தனியாரிடம் ஆயிரத்துக்கு மேல் கொடுக்க வேண்டும். வகுப்பு உயர உயரக் கட்டணமும் ஏறும்.

இவ்வளவையும் படிப்பவர்கள், பணம் இருந்தால் தனியார், இல்லாவிட்டால் அரசு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த ஒரு மணி நேர வித்தியாசம் கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றினாலும், முன்கூட்டியே வந்து வரிசையில் நின்று, அடையாள அட்டை காட்டி, பைகளைச் சோதனைக்குக் கொடுத்து, காத்திருப்புக் கூடத்தில் உட்கார்ந்து, இறங்கிய பின் பெட்டிகளுக்காக மறுபடியும் காத்து நிற்கும் நேரத்தையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் இரண்டு படகுகளிலும் அரை நாள் போய்விடுகிறது. உண்மையான வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது. பெரும்பாலான தனியார் படகுகள் முழுவதும் மூடப்பட்டு, குளிரூட்டப்பட்டவை. ஓடத் தொடங்கியபின் எழுந்து வெளியே போக முடியாது. அரசுப் படகுகளிலும், தனியாரில் கிரீன் ஓஷன் போன்ற சிலவற்றிலும் மேல்தளத்துக்குச் சென்று காற்று வாங்க முடியும். கடல் அமைதியாக இருக்கும்போது இது வெறும் வசதி. அலை எழும் நாளில், வாந்தி எடுப்பவருக்கும் எடுக்காதவருக்கும் இடையே உள்ள வேறுபாடே பெரும்பாலும் இதுதான்.

டிசம்பரில் நாங்கள் ஹேவ்லாக்குக்குச் சென்றது அதிகாலைத் தனியார் படகில். ஹாடோவிலிருந்து புறப்பட்டுத் துறைமுகத்தின் உட்பகுதியில் செல்லும் வரை தண்ணீர் ஏரியைப் போலத்தான் இருந்தது; ஒருபுறம் ராஸ் தீவும் மறுபுறம் நார்த் பே கலங்கரை விளக்கமும் தெரிந்தன. சிவப்பு நிறப் பழைய இருபது ரூபாய்த் தாளின் பின்புறம் இருக்கும் காட்சி அந்தக் கலங்கரை விளக்கம்தான் என்று மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தபோதே படகு திறந்த கடலுக்கு வந்துவிட்டது; அதற்குப் பிறகு பேச்சு இல்லை. ஹேவ்லாக் தீவு போர்ட் பிளேருக்கு வடகிழக்கில் இருக்கிறது. வாடைக்காற்று வீசும் நவம்பர், டிசம்பர், ஜனவரி மாதங்களில் காற்றும் அலையும் வருவதும் அதே திசையிலிருந்துதான். எனவே போகும்போது படகு அலையை நேருக்கு நேர் முட்டிக்கொண்டு செல்கிறது. திரும்பும்போது அதே அலை பின்னாலிருந்து தள்ளுகிறது. ஒரே நாளில், ஒரே படகில், போவதும் வருவதும் இரண்டு வேறு அனுபவங்களாக இருப்பதற்கு இதுவே காரணம்.

விரைவுப் படகுகள் பலவும் இரண்டு மெல்லிய உடல்களை இணைத்துக் கட்டப்பட்டவை. அகலமான அடித்தளம் இருப்பதால் அவை பக்கவாட்டில் அதிகம் சாய்வதில்லை. 'எங்கள் படகில் ஆட்டமே இருக்காது' என்று விற்பவர்கள் சொல்வதில் இந்த அளவுக்கு உண்மை உண்டு. ஆனால் எதிரலையில் வேகமாகச் செல்லும்போது முன்பகுதி எழும்பி எழும்பித் தட்டென்று விழுகிறது. இப்படி மேலும் கீழுமாக ஆடும்போது மிக அதிகமாகத் தூக்கிப் போடப்படுவது முன்வரிசை. மிகக் குறைவாக ஆடுவது நடுப்பகுதியும் அதற்குச் சற்றுப் பின்னால் உள்ள இருக்கைகளும். உயரம் கூடக்கூட ஆட்டமும் கூடும் என்பதால் கீழ்த்தளமே நல்லது. இதில் வேடிக்கை என்னவென்றால், நாங்கள் சென்ற படகில் அதிகக் கட்டணம் வாங்கிய உயர் வகுப்பு மேல்தளத்தில் இருந்தது; கீழ்த்தளத்தில் பெரிய கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்த முன்வரிசை இருக்கைகளுக்கோ பதிவு செய்தவர்களிடையே போட்டி. வயிற்றுக்கு எது கெடுதலோ அதற்குத்தான் விலையும் மதிப்பும் அதிகம்.

எங்களுக்கு இதைப் படகு ஏறுவதற்கு முன்பே எடுத்துச் சொன்னவர், துறையில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்த ஒரு தமிழ்த் தொழிலாளி. போர்ட் பிளேரில் தமிழ் பேசுவோர் கணிசமாக இருப்பதால் இத்தகைய உதவி எதிர்பாராத இடத்தில் கிடைக்கும். என் மாமியாரின் தளர்ந்த நடையைப் பார்த்துவிட்டு, "அண்ணே, அம்மாவ முன்னாடி உக்கார வைக்காதீங்க, இன்னைக்குக் காத்து இருக்கு. நடுவுல, உள்பக்கமா இடம் கேளுங்க" என்றார். இருக்கை எண் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருந்தது. ஆனால் ஜன்னலோர இடத்தை விட்டுக்கொடுக்கிறோம் என்று சொன்னதும் மாற்றிக்கொள்ள ஆள் உடனே கிடைத்தது. பயணத்தின் பாதிக்குமேல் முன்வரிசைகளில் காகிதப் பைகள் கைமாறிக்கொண்டே இருந்தன. பணியாளர்கள் மூக்கைச் சுளிக்காமல் அவற்றை வாங்கிச் சென்றதைப் பாராட்ட வேண்டும். மாமியார் கண்களை மூடிக்கொண்டு, ஒரு கையில் எலுமிச்சம்பழத்தையும் மறுகையில் என் மனைவியின் முழங்கையையும் இறுகப் பிடித்தபடி, வாந்தி இல்லாமல் வந்து சேர்ந்தார்.

உள்காது உணரும் அசைவும் கண் காணும் காட்சியும் ஒத்துப்போகாதபோது கடற்குமட்டல் வருகிறது. மூடிய அறைக்குள் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பவரின் கண், அசைவே இல்லை என்று மூளைக்குச் சொல்கிறது. காதோ வேறொன்று சொல்கிறது. அதனால் தொலைவில் தெரியும் அடிவானத்தைப் பார்க்க வேண்டும். அது தெரியாத இடத்தில் கண்களை மூடிக்கொள்ள வேண்டும். குமட்டலைத் தடுக்கும் மாத்திரையைப் படகு ஆடத் தொடங்கிய பிறகு விழுங்கிப் பயனில்லை. புறப்படுவதற்கு முன்பே வயிற்றில் இருந்தால்தான் அது வேலை செய்யும். அவற்றில் பல தூக்கத்தை உண்டாக்கும் என்பதாலும், இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றுக்கு மருந்து உண்பவர்கள் உடன் இருக்கக்கூடும் என்பதாலும், ஊரிலிருந்து கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. வெறும் வயிற்றோடு ஏறுவதும் நெய் மணக்கும் பூரி மசாலாவோடு ஏறுவதும் ஒரே அளவு தவறு. இரண்டு இட்லி போதும். இஞ்சி மொரப்பா எங்கள் குழுவில் பலருக்குக் கைகொடுத்தது.

ஹேவ்லாக்கிலிருந்து நீல் தீவுக்குச் செல்வது குறுகிய பயணம். தனியார் படகில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் இந்தத் துண்டுப் பயணத்துக்கு நான் அரசுப் படகையே பரிந்துரைப்பேன். நேரத்தில் பெரிய இழப்பில்லை, மேல்தளத்தில் நின்றபடி தீவுகளைப் பார்த்துக்கொண்டு போகலாம், கட்டணமும் குறைவு. அதோடு, அந்தத் தீவுகளில் வாழ்பவர்களின் பயணத்தை அங்கேதான் பார்க்க முடியும். ஹேவ்லாக்கிலும் நீலிலும் வாழ்பவர்களில் பெரும்பாலோர் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகளாக வந்து குடியமர்த்தப்பட்ட வங்காளிக் குடும்பங்களின் வழிவந்தவர்கள். போர்ட் பிளேர் சந்தைக்குக் காய்கறி அனுப்பும் தீவு என்று நீல் பெயர் பெற்றது. மருத்துவமனைக்குச் செல்பவர்கள், கல்லூரி மாணவர்கள், காய்கறி மூட்டைகளோடு வருபவர்கள் ஆகிய அனைவருக்கும் அரசுப் படகுதான் பேருந்து.

அது அவர்களுடைய பேருந்து என்பதை நினைவில் வைத்துக்கொண்டால்தான் அரசுப் படகுச் சீட்டின் இயல்பு புரியும். தீவுவாசிகளுக்குத் தனிக் கட்டணமும் முன்னுரிமையும் உண்டு, அது நியாயமானதும்கூட. சுற்றுலாப் பயணிகள் இணையத்தில் பதிவு செய்யலாம். ஆனால் தனியார் படகைப் போல மாதக்கணக்கில் முன்கூட்டியே இடத்தை உறுதி செய்துகொள்ளும் வாய்ப்பு இல்லை. பதிவு திறப்பது பயண நாளுக்குச் சற்று முன்புதான், திறந்ததும் விரைவில் நிரம்பிவிடும். டிசம்பர் இறுதி போன்ற நெரிசலான நாட்களில் அரசுப் படகை மட்டும் நம்பி விடுதிகளுக்குப் பணம் கட்டுவது கவலையை விலைக்கு வாங்குவதாகும். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து அந்தமானுக்குச் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கண்ணாடி இழைக் கம்பிவடம் திறக்கப்பட்டபின் இணைய வசதி முன்னேறியிருக்கிறது என்றாலும், தீவின் ஒவ்வொரு மூலையிலும் சமிக்ஞை கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். சீட்டையும் அடையாள அட்டை நகலையும் காகிதத்தில் வைத்திருந்தவர்கள் துறை வாசலில் எளிதாக உள்ளே போனார்கள்.

மார்ச் மாதத்தில் நண்பர்களுடன் சென்றபோது, மேலே சொன்ன எச்சரிக்கைகளில் பாதி தேவைப்படவில்லை. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அந்தக் கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். மூடிய படகிலும் தூங்கிக்கொண்டே போனோம். மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியபின் மீண்டும் கொந்தளிப்பு. ஆகவே 'எந்தப் படகு சிறந்தது' என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, எந்த மாதம் என்பதுதான். மார்ச்சில் சென்று வந்தவர் எழுதிய புகழுரையை நம்பி டிசம்பரில் அதே படகின் அதே முன்வரிசை இருக்கையைப் பிடிப்பவர், அவரைப் பொய் சொன்னதாகப் பழிப்பதில் பொருளில்லை.

எந்தப் படகு என்பதைவிட எந்த நாளில் எந்தத் திசையில் என்பது இன்னும் முக்கியமானது. எங்கள் டிசம்பர் பயணத்துக்கு ஒரு முகவர் முதலில் அனுப்பிய திட்டத்தில், நீல் தீவிலிருந்து காலைப் படகில் போர்ட் பிளேர் வந்து அன்று மதியமே சென்னை விமானம் ஏறுவதாக இருந்தது. ஓர் இரவு விடுதிக் கட்டணம் மிச்சமாகும் என்று அவர் விளக்கினார். படகு வராவிட்டால் என்ன செய்வது என்று கேட்டதற்கு, அப்படியெல்லாம் நடக்காது என்ற பதில்தான் வந்தது. வானிலை மோசமானால் தனியார், அரசு என்ற வேறுபாடு இல்லாமல் எல்லாப் படகுகளும் நிறுத்தப்படும். 2016 டிசம்பரில், பின்னர் வர்தா புயலாக மாறி 12ஆம் தேதி சென்னையைத் தாக்கிய அதே தாழ்வு மண்டலம் அந்தமான் கடலில் உருவாகிக்கொண்டிருந்தபோது, ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் நாட்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் சென்று அவர்களை அழைத்து வர வேண்டியிருந்தது. அத்தகைய புயல் அடிக்கடி வருவதில்லை. ஆனால் ஒரு நாள், அரை நாள் படகு ஓடாமல் நிற்பதற்குப் புயல் தேவையில்லை; பலத்த காற்று போதும்.

எனவே நான் திட்டத்தைப் பின்னாலிருந்து போட்டேன். விமான நாளை முதலில் குறித்து, அதற்கு முந்தைய நாள் முழுவதையும் போர்ட் பிளேருக்கு ஒதுக்கி, தீவுகளிலிருந்து திரும்பும் படகை அதற்கும் முன்னால் வைத்து, அந்தச் சீட்டைத்தான் எல்லாவற்றுக்கும் முன்பாக வாங்கினேன். போகும் படகு தாமதமானால் கடற்கரையில் ஒரு மாலைப் பொழுதுதான் போகும்; திரும்பும் படகு தாமதமானால் விமானமே போய்விடும். ஒதுக்கிய அந்த நாளும் வீணாகவில்லை. செல்லுலார் சிறையையும் ராஸ் தீவையும் பார்ப்பதை முதல் நாளில் திணிக்காமல் கடைசிக்குத் தள்ளினோம். அந்தமானில் டிசம்பரில் மாலை ஐந்தரை மணிக்குள் இருட்டிவிடுவதால் கடைசிப் படகுகளும் பிற்பகலோடு முடிந்துவிடுகின்றன. ஆகவே திரும்பும் நாளிலும் காலைப் படகே பாதுகாப்பானது: அது நின்றுபோனால் பிற்பகலில் இன்னொன்றைத் தேட வாய்ப்பு இருக்கும்.

பணத்தைத் திரும்பப் பெறும் விதிமுறைகளை வாங்கும்போதே படித்துவிட வேண்டும். வானிலையால் படகே நிறுத்தப்பட்டால் கிடைக்கும் தொகையும், பயணி தானாக விலகினால் கிடைக்கும் தொகையும் வேறு வேறு. கடல் ஆடுகிறது என்று பயந்து ஏறாமல் விட்டால் அது இரண்டாவது கணக்கில்தான் சேரும். முகவர் வழியாக வாங்கிய சீட்டுக்கு அவர் வழியாகத்தான் பணம் வரும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பெரிய படகுகளைப் பற்றி இவ்வளவு ஆராய்பவர்கள், ஊருக்குள் நடக்கும் சிறு படகுப் பயணங்களில் கவனம் தளர்ந்துவிடுகிறார்கள். ஹேவ்லாக்கிலிருந்து எலிஃபென்ட் கடற்கரைக்கும், போர்ட் பிளேரிலிருந்து ராஸ், நார்த் பே ஆகிய இடங்களுக்கும் செல்லும் படகுகளைத்தான் சொல்கிறேன். 2014 ஜனவரி 26 அன்று போர்ட் பிளேர் அருகே கவிழ்ந்த சுற்றுலாப் படகில் 21 பேர் இறந்தார்கள். பயணிகளில் பலர் காஞ்சிபுரத்திலிருந்து குழுவாகச் சென்றவர்கள். அனுமதிக்கப்பட்டதைவிட மிக அதிகமானோர் அதில் ஏற்றப்பட்டிருந்தார்கள். படகின் பக்கத்தில் எத்தனை பேருக்கு அனுமதி என்று எழுதியிருப்பதைப் படித்து, தலைகளை எண்ணிப் பார்த்து, உயிர்காப்பு அங்கியைக் கையில் வைத்துக்கொள்ளாமல் உடலில் கட்டிக்கொள்ள ஐந்து நிமிடங்கள்கூட ஆகாது. நெரிசலான ஒரு படகில் ஏற மறுத்து அடுத்த படகுக்குக் காத்திருந்தபோது எங்கள் மகன் முணுமுணுத்தான். மாமியார் ஒரு பார்வை பார்த்ததும் அடங்கிவிட்டான்.

வரும் பொங்கல் விடுமுறைக்கு மனைவி, கைக்குழந்தை, பெற்றோர் ஆகியோருடன் செல்லவிருக்கும் அலுவலக நண்பர் ஒருவர் அண்மையில் என்னிடம் யோசனை கேட்டார். ஜனவரி நடுப்பகுதி என்பதால் வாடைக்காற்று முழுமையாக அடங்கியிருக்காது. போகும்போது எதிரலை என்பதால், மேல்தளம் திறந்திருக்கும் தனியார் படகில் கீழ்த்தளத்தின் நடு இருக்கைகளை இப்போதே பிடிக்கச் சொன்னேன். ஹேவ்லாக்கிலிருந்து நீல் செல்ல, ரத்து செய்தால் அதிகம் இழக்காத தனியார் சீட்டு ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, பதிவு திறக்கும் நாளில் அரசுப் படகுக்கு முயலலாம். நீலிலிருந்து திரும்பும் காலைப் படகு, விமானத்துக்கு இரண்டு நாள் முன்பாக. குழந்தைக்குப் பால்புட்டியும் மாற்றுத் துணியும் கைப்பையில் இருக்க வேண்டும். பெட்டிகள் ஓரிடத்தில் குவிக்கப்பட்டால் இறங்கும் வரை அவற்றைத் தொட முடியாது. அவருடைய தந்தைக்கு முதுகு வலி உண்டு என்று சொன்னதால், பெற்றோர் நீல் தீவைத் தவிர்த்துவிட்டு ஹேவ்லாக்கிலேயே தங்குவதையும் யோசிக்கச் சொல்லியிருக்கிறேன். அதை அவர் இன்னும் வீட்டில் பேசவில்லை.